பதின்மூன்று கட்டங்கள்

நிவேதா என்னைக் கடித்துவிட்டாள்.

நெஞ்சில் ஜெல்லி தடவுவதற்காகக் குனிந்தேன். சட்டென்று தலையைத் திருப்பி என் மணிக்கட்டைக் கவ்விக்கொண்டாள். ஐந்தரை வயதுப் பற்கள். சின்னவைதான், ஆனால் எல்லாம் ஒன்றாக இறங்கின.

"விடுடி, விடுடி!" என்று அவள் அம்மா செல்வி பதறிப்போய்த் தோளைத் தட்டினாள். என் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்குங்க சிஸ்டர். அதுக்குக் காது கேக்காதுங்க. நாம என்ன பண்ணப் போறம்னு அதுக்குத் தெரியாதுல்ல, அதான் பயந்துருச்சு" என்றாள்.

நான் சிஸ்டர் இல்லை. ஈ.சி.ஜி. எடுக்கும் டெக்னீஷியன். வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் நம் ஊரில் டாக்டராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிஸ்டராக இருக்க வேண்டும். பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்த புதிதில் திருத்திக்கொண்டிருந்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

பேசிச் சமாதானம் செய்ய வழியில்லை. கம்பிகளை எடுத்து என் கைகளிலும் கால்களிலும் மாட்டிக்கொண்டு, அவள் பார்க்கும்படி ஸ்டூலில் உட்கார்ந்து மெஷினை ஓட்டினேன். ரோஸ் நிறக் காகிதம் மெதுவாக வெளியே வந்தது. என் இதயம் அதில் கறுப்புக் கோடாக ஏறி இறங்கியது. கிழித்து அவள் கையில் கொடுத்தேன்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகர்ந்தாள். கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். பிறகு என் நெஞ்சைச் சுட்டிக்காட்டிப் புருவத்தை உயர்த்தினாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவளாகவே படுத்துக்கொண்டு சட்டையை மேலே தூக்கினாள்.

இது ஒன்றுதான் பாக்கி

செல்விக்குச் சிறுவாச்சூர் பக்கம் ஒரு கிராமம். வெங்காயக் காட்டிலும் மக்காச்சோளக் காட்டிலும் கூலி வேலை. புருஷன் ராஜேந்திரன் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டுகிறவர். செல்விக்கு அவர் தாய்மாமன் மகன்.

நிவேதா பிறவியிலேயே காது கேளாதவள். காதுக்குள் கருவி வைக்கும் ஆபரேஷன் அரசுத் திட்டத்தில் இலவசம். ஆனால் அதற்கு வயது வரம்பு உண்டு. நிவேதா அதைத் தாண்ட நான்கு மாதம்தான் இருந்தது. செல்வி இரண்டு வருடமாக அலைந்து, திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் தேதி வாங்கியிருந்தாள். மயக்க மருந்து கொடுக்கலாம் என்று ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அதற்குத்தான் ஈ.சி.ஜி.

"ரத்தம் பாத்தாச்சு. ஸ்கேன் எடுத்தாச்சு. இது ஒண்ணுதாங்க பாக்கி" என்றாள். மஞ்சள் பையில் ஃபைல். பையின் கைப்பிடியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி வைத்திருந்தாள்.

மெஷின் நிவேதாவின் காகிதத்தைத் துப்பியது. மேலே ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது: எல்லா இடைவெளிகளும் சரி, நார்மல்.

"நல்லா இருக்குங்களா?"

"டாக்டர் பாப்பாரும்மா. வெளியே உட்காருங்க" என்றேன்.

எல்லோருக்கும் சொல்வதுதான்.

அந்தக் காகிதத்தைப் பற்றிக் கொஞ்சம்

நான் எழுதும் இந்தத் தொடரைப் படிக்கிற வாசகி ஒருவர், ஈ.சி.ஜி. காகிதத்தில் ஏன் அத்தனை கட்டங்கள் என்று கேட்டிருந்தார். அதைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

காகிதம் ஒரு நொடிக்கு இருபத்தைந்து சின்னக் கட்டம் நகர்கிறது. ஒரு கட்டம் ஒரு மில்லிமீட்டர். ஆக, ஒரு நொடியை இருபத்தைந்து துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் கண்ணால் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள்.

ஒருவரின் ஒருநாள் துடிப்பை நிறுத்தாமல் ஓடவிட்டால் காகிதம் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகும். ஒருநாள் மத்தியானம் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் பிடித்துக்கொண்டு நடந்தால் கிட்டத்தட்டப் புது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வரும். அதுவும் ஒருநாளைக்கு.

இதயத்தின் ஒவ்வொரு துடிப்பும் இந்தக் காகிதத்தில் மூன்று அடையாளம் வைத்துவிட்டுப் போகும். முதலில் ஒரு சின்ன மேடு: மேல் அறைகள் விழிக்கின்றன. அடுத்து ஊசிபோல ஒரு முனை: கீழ் அறைகள் சுருங்கி ரத்தத்தைத் தள்ளுகின்றன. கடைசியாக ஒரு வளைந்த மேடு: தள்ளிய அறைகள் இளைப்பாறி அடுத்த துடிப்புக்குத் தயாராகின்றன. எது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, நடுவில் எத்தனை கட்டம் என்று எண்ணுவதுதான் இடைவெளி பார்ப்பது.

லப்பைக்குடிக்காட்டிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போகிற பையன்கள் மெடிக்கலுக்கு வருவார்கள். ஒருவன் கல்யாணமாகிப் பத்தே நாளில் டிக்கெட் போட்டிருந்தான். படுக்க வைத்து ஓட்டினால் முனைக்கும் முனைக்கும் நடுவில் பன்னிரண்டு கட்டம்தான். நிமிடத்துக்கு நூற்றிருபதுக்கு மேல் ஓடுகிறது. "காய்ச்சலா தம்பி?" என்றேன். "இல்லக்கா. இதுல மனசுல உள்ளது எல்லாம் தெரியுமா?" என்று கேட்டான். அரைமணி நேரம் வெளியே உட்கார வைத்து மறுபடி எடுத்தேன். பதினான்கு கட்டம் ஆனது. அதற்கு மேல் வேகம் குறையவில்லை. மனசில் உள்ளது தெரியாது. ஆனால் மனசில் எதுவோ இருக்கிறது என்பது தெரியும்.

வாங்கிக் கட்டிக்கொண்டது

அளந்து பார்ப்பது என் வேலை இல்லை. கம்பி மாட்டி, காகிதம் எடுத்து, பெயர் எழுதி டாக்டரிடம் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு எடுத்தேன். கோடு கன்னாபின்னா என்று துடித்தது. இதயம் நிற்கப் போகிறது என்று நினைத்து வராந்தாவில் கத்திக்கொண்டே ஓடினேன். இரண்டு டாக்டர், நான்கு நர்ஸ், ஸ்ட்ரெச்சர் எல்லாம் கூடிவிட்டது. வாத்தியாருக்கு மலேரியாக் காய்ச்சல். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். அந்த நடுக்கம்தான் காகிதத்தில் விழுந்திருந்தது.

பெரிய டாக்டர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "கம்பி மாட்டறது உங்க வேலை. படிக்கறது எங்க வேலை. புரியுதா?"

புரிந்தது. வரதராஜன்பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறவள் நான். அன்றைக்குத் திரும்பும்போது ஜெயங்கொண்டம் வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்து அழுதுகொண்டு போனேன்.

அதற்குப் பிறகு யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. ஆனால் அளப்பதை என்னால் விட முடியவில்லை. மேஜை டிராயரில் ஒரு கவராயம் வைத்திருந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஜியோமெட்ரி பாக்ஸில் இரண்டு பக்கமும் முள்ளோடு இருக்குமே, அதுதான். ஆள் வெளியே போனதும் ஒரு முள்ளை ஒரு முனையில் வைப்பேன், மறு முள்ளை அடுத்த முனையில் வைப்பேன். அப்படியே தூக்கி அடுத்தடுத்த துடிப்புகளின் மேல் நடத்திக்கொண்டு போவேன். கவராயம் ஒவ்வொரு முனையிலும் சரியாகப் போய் உட்காரும்போது உடம்பு சிலிர்க்கும். யார் சொல்லிக் கொடுத்தது அந்தச் சதைக்கு? வெங்காயம் விற்க வந்தவருக்கும் அதே ஒழுங்கு. கலெக்டர் ஆபீஸ் கிளார்க்குக்கும் அதே ஒழுங்கு.

நிவேதாவின் காகிதத்தையும் அப்படித்தான் எடுத்து வைத்தேன்.

இரண்டு மேடு

முனைக்கும் முனைக்கும் நடுவில் பதினெட்டுக் கட்டம். நல்லது.

ஊசி முனை தொடங்கும் இடத்திலிருந்து கடைசி மேடு முடியும் வரைக்கும் ஓர் இடைவெளி உண்டு. இதயம் சுருங்கி, இளைப்பாறி எழுந்திருக்க எடுத்துக்கொள்ளும் மொத்த நேரம் அது. சுலபமாகப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு முனைகளுக்கும் நடுப்புள்ளியைக் குறித்துக்கொண்டால், அந்த மேடு நடுப்புள்ளியைத் தாண்டாமல் முடிந்துவிட வேண்டும். பதினெட்டில் பாதி ஒன்பது. மெஷினும் ஒன்பது என்றுதான் போட்டிருந்தது.

ஒன்பதாவது கட்டத்தில் கோடு தரையைத் தொடுகிற மாதிரி தாழ்ந்திருந்தது. ஆனால் தொடவில்லை. அங்கிருந்து மறுபடி எழுந்து, படுத்த வாக்கில் இன்னொரு மேடு. மிகத் தாழ்வானது. அவசரமாகப் பார்த்தால் பிள்ளை அசைந்துவிட்டாள் என்று தோன்றும்.

அசைந்திருந்தால் ஒரு துடிப்பில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. இது எல்லாத் துடிப்பிலும் இருந்தது. ஒரே இதயத்தைப் பன்னிரண்டு கோணத்தில் காட்டும் பன்னிரண்டு வரிசையிலும் தேடினேன். சில வரிசைகளில் தெளிவாகவே இருந்தது. அந்த இரண்டாவது மேடும் சேர்ந்துதான் முழு மேடு. மெஷின் பாதி வழியில் முடிந்தது என்று நினைத்துவிட்டது.

உண்மையாக எங்கே முடிகிறது என்று முள்ளை வைத்தேன். பதின்மூன்று கட்டம்.

திரும்ப எண்ணினேன். பதின்மூன்று. கண்ணைத் துடைத்துவிட்டு வேறொரு வரிசையில் எண்ணினேன். அங்கும் பதின்மூன்று.

நான்கு கட்டம்தான் வித்தியாசம். ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்குகூட வராது. கண் இமைக்க அதைவிட நேரமாகும். ஆனால் அந்த நேரத்தில் இதயம் பாதி விழித்தும் பாதி விழிக்காமலும் கிடக்கிறது. அப்போது பார்த்து ஒரு பயமோ ஓட்டமோ வந்து அடுத்த துடிப்பை முந்தித் தள்ளிவிட்டால், தாளம் சிதறிப்போகும். ரத்தம் தள்ளாமல் இதயம் வெறுமனே நடுங்கும். படிக்கிற காலத்தில் கேட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

வெளியே பெஞ்சில் செல்வி மகளுக்குப் பன்னைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தாள். நிவேதாவின் கையில் இன்னும் என் இதயத்தின் காகிதம் இருந்தது.

டாக்டரிடம் போவதா வேண்டாமா என்று நின்றேன். பெரிய டாக்டரின் குரல் காதில் அப்படியே இருந்தது. கையில் கடிபட்ட இடம் விண்ணென்று தெறித்தது.

போனேன்.

"மெஷின் நார்மல்னு போட்டிருக்கே"

அன்றைக்கு ஓ.பி.யில் இருந்தவர் டாக்டர் அருண். சின்ன வயசு. முன்னால் முப்பது பேர் வரிசை. நான் போவதற்குள் நிவேதாவின் ஃபைலில் பாதி கையெழுத்துப் போட்டிருந்தார்.

"சார், ஒரு நிமிஷம். இந்தப் பிள்ளையோட ஈ.சி.ஜி.யக் கொஞ்சம் கையால அளந்து பாக்கறீங்களா?"

"மெஷின் நார்மல்னு போட்டிருக்கே, மேரி."

"மெஷின் முதல் மேட்டுலயே நின்னுடுச்சு சார். பின்னாடி இன்னொண்ணு இருக்கு. சேத்துப் பாத்தா பதின்மூணு கட்டம் வருது."

என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் காகிதத்தை வாங்கி, பென்சிலை எடுத்து, உதடு அசைய எண்ணினார். வரிசையில் நின்ற ஒருவர் இருமினார். டாக்டர் இரண்டாவது தடவை எண்ணினார். துடிப்பின் வேகத்துக்குத் தக்கபடி திருத்த ஒரு கணக்கு உண்டு. அதைக் காகிதத்தின் ஓரத்திலேயே போட்டார். போட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த பேனாவை எடுத்து மூடினார்.

"பிள்ளைக்குக் காது கேக்காது, இல்ல?"

"ஆமா சார்."

"அம்மாவக் கூப்பிடுங்க."

செல்வி உள்ளே வந்தாள். நிவேதா இடுப்பில்.

"பாப்பா எப்பயாச்சும் மயக்கம் போட்டு விழுந்திருக்காளா?"

"வலிப்பு இருக்குதுங்க. மருந்து குடுத்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

"எப்ப எப்ப வரும்?"

"ஓடுனா வருங்க. ஒருக்கா ஊசி போடுறதுக்குப் புடிச்சப்ப வந்துச்சு. கொஞ்ச நேரத்துல தானா எந்திரிச்சுரும்."

"வீட்ல வேற யாருக்காச்சும் இந்த மாதிரி?"

செல்வி இடுப்பிலிருந்த பிள்ளையை ஒருதரம் தூக்கிச் சரிசெய்துகொண்டாள்.

"மூத்தவன் ஒருத்தன் இருந்தாங்க. அவனுக்கும் காது கேக்காது. ஆட்டுக்குட்டி பின்னாடி ஓடுனான். விழுந்தான். எந்திரிக்கல."

டாக்டர் மிக மெதுவாக, ஆபரேஷனுக்கு இப்போது கையெழுத்துப் போட முடியாது, முதலில் திருச்சியில் இதய டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொன்னார். எழுதியும் கொடுத்தார்.

வராந்தாவுக்கு வந்ததும் செல்வி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"மெஷின்ல நல்லாத்தானே வந்துச்சு? அந்த டாக்டரு கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருந்தாரு. நீங்கதான போயி நிறுத்துனீங்க? நீங்க என்ன டாக்டரா?"

"இல்லம்மா."

"நாலு மாசந்தான் இருக்கு. அது தாண்டிட்டா எம் புள்ள காலத்துக்கும் ஊமைதான். தெரியுங்களா உங்களுக்கு?"

சுற்றிலும் ஆட்கள் பார்த்தார்கள். "திருச்சிக்குப் போங்க செல்வி. நாளைக்கே போங்க. அது வரைக்கும் ஓட விடாதீங்க. பயமுறுத்திடாதீங்க" என்று மட்டும் சொன்னேன்.

போய்விட்டாள். என் அளவு தப்பாக இருந்தால் ஒரு குழந்தையின் காதை நானே அடைத்துவிட்டேன் என்று ஆகும். சரியாக இருந்தால் அதைவிடப் பயங்கரம். எது வேண்டும் என்று வேண்டிக்கொள்வதென்றே தெரியாமல் ஒரு வாரம் கிடந்தேன்.

ஒரே கதவு

அளவு சரியாகத்தான் இருந்தது.

திருச்சி டாக்டர் சொன்னதை அருண் சார் எனக்கு விளக்கினார். உடம்பில் பொட்டாசியம் என்ற உப்பு உள்ளே போகவும் வெளியே வரவும் கண்ணுக்குத் தெரியாத கதவுகள் இருக்கின்றன. உள்காதில் ஒலியை உணர வைக்கும் நீருக்கும், இதயம் இளைப்பாறுவதற்கும் ஒரே மாதிரிக் கதவுதான். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று அதற்கான மரபணு இரண்டும் பழுதாக வந்து சேர்ந்தால் கதவு திறக்காது. காது கேட்காது. இதயமும் தாமதமாகவே விழிக்கும்.

எத்தனையோ ஆயிரம் பேரின் நெஞ்சில் கம்பி மாட்டியிருக்கிறேன். காதும் இதயமும் ஒரே சாவியில் திறக்கும் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஹாரன் அடித்தபோதெல்லாம் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டேன். யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

அவளுக்கு வந்தது வலிப்பே இல்லை, இதயம் தாளம் தப்பியதால் வந்த மயக்கம். வலிப்பு மருந்தை நிறுத்தி, இதயத்தை நிதானப்படுத்தும் மருந்து தொடங்கினார்கள். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். கூட்டும்போதெல்லாம் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். திருச்சி தூரம் என்பதால் எங்களிடமே எடுத்து அனுப்பச் சொன்னார்கள்.

இரண்டாவது முறை வந்தபோது ராஜேந்திரனும் வந்திருந்தார். நேராக லாரியிலிருந்து இறங்கி வந்திருப்பார் போலிருக்கிறது. இமை முடியிலெல்லாம் சாம்பல் நிறத் தூசி. அவருக்கும் செல்விக்கும்கூட எடுத்தோம். நிவேதா இப்போது என்னைப் பார்த்ததும் தானே ஏறிப் படுத்துக்கொள்வாள். ஆனால் வேறு யார் கம்பியைத் தொட்டாலும் பல்லைக் காட்டுவாள்.

எல்லாம் முடிந்து அவர்கள் வெளியே போனபிறகு செல்வி மட்டும் திரும்பி வந்தாள்.

"அக்கா, அன்னைக்கு உங்கள அப்படிப் பேசிட்டேன்."

"அத விடு செல்வி."

"ஒண்ணு கேக்கணும். மூத்தவனையும் இப்படி ஒரு தாள்ல ஓட்டியிருந்தா தெரிஞ்சிருக்குமா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

"அன்னைக்குக் காலையில அவன அடிச்சேன்க்கா. சோத்தத் தட்டி விட்டுட்டான்னு முதுகுல ஒண்ணு வெச்சேன். சாயங்காலம் விழுந்துட்டான். நான் அடிச்சதுலதான் நரம்பு ஏதோ புடிச்சு… இத்தினி வருசமா அதான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். எங்க மாமியாரும் அதத்தான் சொல்லுது."

டிராயரிலிருந்து நிவேதாவின் முதல் காகிதத்தின் நகலை எடுத்தேன். கவராயத்தை அவள் கையில் கொடுத்து, முள்ளை எங்கே வைப்பது என்று காட்டினேன். ஒவ்வொரு கட்டமாகச் சேர்ந்து எண்ணினோம். ஒன்பது வரைக்கும் இருக்கலாம் என்றேன். பதின்மூன்று வந்தது.

"இது வயித்துல இருக்கறப்பவே வர்றது. அவனுக்கும் இப்படித்தான் இருந்திருக்கணும்னு டாக்டருங்க சொல்றாங்க. நீ அடிச்சதால வந்தது இல்ல. அடிக்காம கொஞ்சியிருந்தாலும் அவன் ஆட்டுக்குட்டி பின்னாடி ஓடியிருப்பான்."

அவள் அழவில்லை. முள்ளைத் தூக்கி, மறுபடி முதலிலிருந்து தானாகவே எண்ணினாள். பிறகு இன்னொரு துடிப்பை எண்ணினாள். எல்லாவற்றிலும் பதின்மூன்று வரும் வரைக்கும் எண்ணினாள்.

திருச்சியில்

வயது வரம்பு தாண்டப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஆபரேஷன் நடந்தது. இதய டாக்டர் பக்கத்திலேயே நின்றார். ஒன்றும் ஆகவில்லை.

இப்போது நிவேதா நான்காம் வகுப்பு. காதுக்கு மேலே நீல நிறத்தில் ஒரு கருவி. தினமும் தவறாமல் மருந்து. ஓட்டப் பந்தயம் கிடையாது, நீச்சல் கிடையாது. கேரம் போர்டில் பள்ளிக்கூடத்தில் யாரும் ஜெயிக்க முடியாது என்று செல்வி சொல்கிறாள். கொஞ்சம் மழலையாகப் பேசுகிறாள். நிறையப் பேசுகிறாள்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அவள் காதில் முதன்முதலாக ஒலி விழுந்த நாளைப் பற்றி.

ஆபரேஷன் முடிந்து புண் ஆற மூன்று வாரம் விட்டு, பிறகுதான் கருவியை இயக்குவார்கள். சாதாரணப் பிள்ளைகளுக்கு அது சந்தோஷமான சடங்கு. நிவேதாவுக்கு அப்படியில்லை. வாழ்நாளில் ஒரு சத்தமும் கேட்காத பிள்ளை. திடீரென்று கேட்டால் பயந்து, அந்தப் பயமே இதயத்தைச் சிதறடித்துவிடலாம். அதனால் கருவியை இயக்கும்போது ஈ.சி.ஜி. ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று இதய டாக்டர் சொல்லிவிட்டார். அவள் வேறு யாரையும் ஒட்ட விட மாட்டாள் என்பதால் என்னை வரச் சொன்னார்கள். லீவு போட்டுவிட்டுப் போனேன்.

சின்ன அறை. ஜன்னலுக்குக் கனத்த திரை. மூலையில், இதயம் தாளம் தப்பினால் மின்சார அதிர்ச்சி கொடுக்கும் கருவியோடு ஒரு டாக்டர் நின்றார். கம்ப்யூட்டர் முன்னால் காதுப் பயிற்சி கொடுக்கும் மேடம். நிவேதா செல்வியின் மடியில். ராஜேந்திரன் கதவோரம், செருப்பைக் கையில் பிடித்தபடி. வெளியே விட்டுவிட்டு வரச் சொன்னதைக் கழற்றச் சொன்னதாக மட்டும் புரிந்துகொண்டாரோ என்னவோ.

கம்பிகளை ஒட்டினேன். நிவேதா என்னைப் பார்த்துச் சிரித்தாள். காகிதத்தை ஓட விட்டேன்.

மேடம் மிகத் தாழ்ந்த ஒலியிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு படியாக ஏற்றினார். எங்களுக்கு எதுவும் கேட்காது. அது நேராக அவள் காதுக்குள் போகிறது. திரையில் எண் மாறுவதை வைத்துத்தான் தெரியும்.

நிவேதா ஒரு பொம்மை மாட்டை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் காகிதத்தை மட்டும் பார்த்தேன். மருந்தின் நிதானத்தில் முனைக்கும் முனைக்கும் இருபத்திரண்டு கட்டம். இருபத்திரண்டு. மூச்சுக்குத் தக்கபடி ஒரு கட்டம் கூடும், ஒரு கட்டம் குறையும். மறுபடி இருபத்திரண்டு.

மேடம் இன்னொரு படி ஏற்றினார்.

இருபத்தைந்து.

அடுத்தது இருபத்தாறு.

நின்றுவிடப் போகிறதோ என்று டாக்டரைப் பார்த்தேன். அவரும் காகிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கையை மெல்ல உயர்த்தி, பொறு என்று காட்டினார்.

பொம்மை மாடு நின்றிருந்தது. நிவேதாவின் கை அதன் மேல் அப்படியே இருந்தது. முகத்தில் இன்னும் ஒரு மாற்றமும் இல்லை. அவளுக்கே தெரியவில்லை. ஆனால் இதயம் தன் நடையைத் தளர்த்தியிருந்தது. இருட்டில் யாரோ கூப்பிட்டது போலிருந்தால் நாம் நடப்பதை நிறுத்திக் கூர்ந்து கேட்போமே, அப்படி.

பிறகு இருபத்து மூன்று. பத்தொன்பது. பதினேழு. அப்போதுதான் அவள் கண் அகன்றது. வாய் கோணியது.

தாளம் சிதறவில்லை. ஒவ்வொரு முனையும் அதனதன் இடத்தில் வந்து நின்றது. டாக்டர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"என்னங்கக்கா? என்ன தெரியுது?" என்று செல்வி கிசுகிசுத்தாள்.

ஓடிக்கொண்டிருந்த காகிதத்தைத் தூக்கி அவளுக்குக் காட்டினேன். "இந்தா, இங்க பாரு. இருபத்திரண்டு, இருபத்திரண்டு. இந்த இடத்துல அகலமாயிருக்கு பாத்தியா? இந்த இடத்துலதான் அவளுக்கு மொதல்மொதலாக் கேட்டுருக்கு."

கட்டம் எண்ணத் தெரிந்தவள். சொல்லி முடிக்கும் முன்பே அவள் விரல் அங்கே வந்துவிட்டது. ராஜேந்திரன் செருப்பைக் கீழே போட்டுவிட்டு வந்து அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

மேடம் வெளிச் சத்தமும் உள்ளே போகும்படி கருவியைத் திறந்துவிட்டார். அப்போது நிவேதா அழ ஆரம்பித்தாள். வீறிட்டு ஓர் அழுகை.

அழுத மாத்திரத்தில் நிறுத்திவிட்டாள்.

எங்கிருந்து வந்தது அந்தச் சத்தம் என்று தெரியாமல் அறையைச் சுற்றிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மேடத்தைப் பார்த்தாள். அம்மாவின் வாயைப் பார்த்தாள். ஒருவர் வாயும் அசையவில்லை.

மெதுவாக, சோதித்துப் பார்க்கிற மாதிரி, "ஆ" என்றாள்.

நிறுத்தினாள். காத்திருந்தாள்.

மறுபடி "ஆ" என்றாள்.

தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். காகிதம் என் கையிலிருந்து நழுவித் தரையில் சுருள் சுருளாக விழுந்துகொண்டிருந்தது. எத்தனை கட்டம் என்று நான் பார்க்கவில்லை.

செல்வி குனிந்து, மகளின் கண்ணில் படாமல் அவள் காதுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி தாழ்ந்த குரலில் "ஆ" என்றாள்.

நிவேதா திரும்பினாள்.